கைகுலுக்குவதற்கா ஐ.எஃப்.எஸ்.?

கேள்வி: என் மகள் பி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) தேர்வு எழுதி, உலகம் முழுக்கப் பெண்கள் உரிமைக்காக வேலை செய்வேன் என்கிறாள். "விருந்துக்குப் போய்க் கைகுலுக்குகிற வேலை அது, கல்யாணமும் தள்ளிப்போகும்" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: விருந்தும் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது நடந்ததைக் கேளுங்கள். பிறப்பால் எல்லாரும் சமம் என்னும் முதல் பிரிவில், 'எல்லாரும்' என்ற இடத்தில் 'ஆல் மென்' (எல்லா ஆண்களும்) என்றுதான் இருந்தது. அதில் பெண்களும் அடக்கம்தானே என்பது அதை எழுதிய குழுவின் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட்டின் எண்ணம். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. பெண்களை ஒதுக்க அந்தச் சொல்லே சாக்காகிவிடும் என்று வாதாடினார். 1948-ல் பிரகடனம் வெளிவந்தபோது அது 'ஹியூமன் பீயிங்ஸ்' (மனிதர்கள்) ஆகியிருந்தது. ஒரே ஒரு சொல்தான்!

கல்யாணத்துக்கு வருவோம். ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகுக்காரர், நம் சென்னையில் படித்தவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று அப்போது விதியே இருந்தது. ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1970-லேயே ஹங்கேரிக்குத் தூதராகப் போனவருக்கு, அடுத்த பதவி உயர்வை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துசேர்ந்தது! 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு ஆணுக்கும்தானே இடைஞ்சலாகலாம் என்று கேட்டார். அந்த விதியெல்லாம் போயாச்சு. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் மகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். சேர்ந்ததும் பெண்கள் உரிமைக் கோப்பு மேசைக்கு வராது. விசா, வர்த்தகம் என்று எங்கே போடுகிறார்களோ அங்கே போக வேண்டும். வெளியே பேசுவது அரசின் நிலைப்பாடு, சொந்தக் கருத்து அல்ல. பெண்கள் உரிமை மட்டும்தான் வேண்டும் என்றால் சட்டம் படிக்கிற வழியும் இருக்கிறது. பெண்கள் மீதான வன்முறை பற்றி விசாரிக்க 1994-ல் ஐ.நா. நியமித்த முதல் சிறப்பு அறிக்கையாளர் ராதிகா குமாரசாமி, கொழும்பைச் சேர்ந்த தமிழர், சட்டம் படித்தவர்.

எனவே, தனக்கு உடன்பாடில்லாத நிலைப்பாட்டையும் அரசுக்காகப் பேச முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்போது உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.