இடிக்கப்போகும் நூற்பாலையில் படம் எடுக்க: ராத்திரி வேண்டாம்

கோவைப் பக்கம் அடுத்த மாதம் இடிக்கப்போகிற பழைய நூற்பாலை, கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை, ராத்திரி சுவர் ஏறிக் குதித்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. அத்துமீறி நுழைந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், இருட்டில் அந்தத் தரையை நம்பவே முடியாது. பல ஸ்பின்னிங் மில்களில் காற்றும் பஞ்சுத் தூசியும் போக தரைக்கடியில் ஆள் இறங்குகிற அளவுக்குக் கால்வாய் இருக்கும், மேலே மூடியிருந்த இரும்புத் தகடு எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

வாட்ச்மேனை விடுங்கள், அவர் கையில் ஒன்றுமில்லை. இடிக்கிற கான்ட்ராக்ட் யாருக்கு என்று விசாரித்து, ஓனர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடிய பிறகு அங்கே எத்தனை சினிமா ஷூட்டிங் நடந்தது! அதனால் கேமரா என்றதும் வாடகை கேட்பார்கள், வெறும் ஸ்டில்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பகல்தான் உங்களுக்கு லாபம். ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்குகிற மில் கூரையில் கண்ணாடியைப் பெரும்பாலும் வடக்குப் பார்த்து வைத்ததே நேர் வெயில் இல்லாத சீரான வெளிச்சத்துக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறாதீர்கள், உடைந்த துண்டுகளைக் கிளறவும் வேண்டாம், அதிலிருந்து பறக்கிற நுண்ணிய நார் நுரையீரலில் தங்கினால் நோய் தெரியவே பல வருடம் ஆகும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

சுவரில் முளைத்த அரசமரத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். நீங்கள் வார்ப்பிரும்புத் தூணில் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், தூண்களில் பெயிண்டால் எழுதிய மெஷின் நம்பர்களையும் விடாதீர்கள்.