மைக்ரோவேவ் ஓவனை வீட்டில் பயமில்லாமல் பயன்படுத்துவது எப்படி? பழையது ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டால் கேன்சர் வரும் என்று மாமியார் சொல்வது உண்மையா, எந்தெந்தப் பாத்திரத்தை உள்ளே வைக்கலாம், அக்கா தருவதாகச் சொல்லும் பழைய ஓவனை வாங்கிக்கொள்ளலாமா. வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஒரு காலத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, இப்போது கடையில் பாதி இடத்தை மைக்ரோவேவும் இண்டக்‌ஷன் அடுப்பும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஓவனைக் கழற்றிப் பார்க்கிறவன் சொல்கிற பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன்சர் பயம் வேண்டாம். ஓவனுக்குள் ஓடுவது ஒரு வகை ரேடியோ அலை, 2.45 கிகாஹெர்ட்ஸ். உங்கள் வீட்டு வைஃபையும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான், ஆனால் சக்தியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்துக் கேன்சருக்கு வழி வைக்கிற வேலையெல்லாம் இந்த அலையால் ஆகாது. சாப்பாட்டில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்பி ஆட்டும், அதில் சூடு பிறக்கும். ஓவன் நின்ற அந்த நொடியே அலையும் நின்றுவிடும். விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காது அல்லவா, அதே மாதிரி சாம்பாரில் கதிர் எதுவும் தங்கியிருக்காது. சத்து போய்விடும் என்பார்கள். பீன்ஸை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் போகிற வைட்டமின் சி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓவனில் சில நிமிடம் வைத்தால் போவதை விட அதிகம்.

அதற்காக அந்த அலை வெளியே வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. சாம்பாரைச் சூடாக்குகிற அலை உடம்பையும் சூடாக்கத்தான் செய்யும். கண்ணின் லென்ஸுக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் அதற்குச் சூடு சட்டென்று ஆறாது. அதனால்தான் கசிவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதிப்படி, ஓவனிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் அதன் ஆயுள் முழுக்கக் கசியக்கூடாது. அந்த வரம்பே தீங்கு தரும் அளவுக்கு வெகு கீழே இருக்கிறது. தள்ளிப் போகப் போகக் கசிவு வேகமாகக் குறையும், அரை மீட்டர் தள்ளினால் சுமார் நூறில் ஒரு பங்கு. ஒரு கை தூரத்தில் நின்று உங்கள் வேலையைப் பாருங்கள். மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு கேக் உப்புவதை வேடிக்கை பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

உள்ளே போனை வைத்து மூடி, ரிங் வந்தால் ஓவன் லீக் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதை நம்பிப் பதறிப்போய்க் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. துளியூண்டு சிக்னல் கிடைத்தாலும் போன் எடுத்துக்கொள்ளும், அதன் அலைவரிசையும் பெரும்பாலும் வேறு. அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

உண்மையான பாதுகாப்பு கதவில் இருக்கிறது. கண்ணாடிக்குள் கறுப்பாகத் தெரிகிற சல்லடைத் தகட்டின் ஓட்டைகள் ஒன்றிரண்டு மி.மீ. இருக்கும். அலையின் நீளமோ 12 செ.மீ. வெளிச்சம் வெளியே வரும், மைக்ரோவேவ் வராது. அப்புறம், கதவின் கொக்கிகள் போய் உட்காரும் இடத்தில் வழக்கமாக மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் கரண்டை வெட்டும். மூன்றாவது காவல்காரன். மற்ற இரண்டும் வெட்டத் தவறினால் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸைப் போக்கிவிடும். ஆகவே கதவைத் திறக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போகிறது என்றால் ஃபியூஸின் மேல் குற்றமில்லை, கதவு சுவிட்ச் கெட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் தொழிலிலேயே சிலர் செய்கிற அநியாயம் ஒன்று உண்டு. புது சுவிட்ச் போட சோம்பல்பட்டு வயரை நேராக இணைத்துவிடுவார்கள். மெஷின் ஓடும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், ஆனால் கதவு திறந்திருக்கும்போதும் ஓடக்கூடும். ரிப்பேர் முடிந்து வந்ததும், உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டி, கதவைத் திறந்தவுடன் நிற்கிறதா என்று பாருங்கள். அரை நொடி தாமதம் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

யூட்யூப் பார்த்து நீங்களே கழற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கழற்றினால் ஆளையே கொல்லக்கூடிய சாமான் இது. உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 2000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது, கப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை இன்னும் ஏற்றி, அலையை உண்டாக்குகிற மேக்னட்ரானுக்குத் தருகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மிக்ஸியைக் கழற்றிப் பழகிய கை இங்கே உதவாது. என் கடைப் பையன்களும் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் உள்ளே விரல் வைக்கக் கூடாது, அதில் நான் பேச்சுக்கே இடம் தருவதில்லை.

இனி தினமும் நடக்கிற விபத்துகள். இவற்றில் கதிருக்கு வேலையே இல்லை, எல்லாம் சூடுதான்.

அதில் முதலில் வெறும் தண்ணீர். வழவழப்பான கண்ணாடி டம்ளரில், அதுவும் ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரை ஓவனில் வைத்தால், 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி வராமல் அமைதியாக நிற்கலாம். குமிழி பிறக்க ஒரு சொரசொரப்போ, தண்ணீரில் கரைந்த கொஞ்சம் காற்றோ வேண்டும், இங்கே இரண்டும் இல்லை. இன்னும் கொதிக்கவில்லையே என்று எடுத்துக் காபித்தூளைப் போட்ட மறுகணம் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். டம்ளருக்குள் ஒரு மரக் கரண்டியையோ ஐஸ்கிரீம் குச்சியையோ போட்டுச் சூடாக்குங்கள். எடுப்பதற்கு முன் அரை நிமிடம் அப்படியே விடுங்கள்.

முட்டையும் அதே கதைதான். ஓட்டோடு வைத்தால் வெடிக்கும் என்று பலருக்குத் தெரியும். அவித்து உரித்த முட்டையும் வெடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மஞ்சள் கருவுக்குள் சின்னச் சின்ன இடங்களில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிக் காத்திருக்கும், கடிக்கும்போது வாயில் வெடிக்கலாம். முட்டைக் குழம்பைச் சூடாக்கினால் முட்டையை இரண்டாக வெட்டிவிட்டு வையுங்கள். கைக்குழந்தையின் பால் பாட்டிலை இதில் வைக்கவே வேண்டாம். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாகத் தெரியும், நடுவில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்குகிற பழைய முறைதான் சரி.

சூடு ஒரே சீராகப் பரவாதது ஏன் என்றால், அலைகள் உள்சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று பின்னுகின்றன. சில இடத்தில் கூடுகின்றன, சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு சூட்டு இடங்களுக்கு நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருக்கும். தட்டு சுற்றுவது இதைச் சமாளிக்கத்தான். ஆழமும் முழுக்க எட்டாது. அலை இரண்டு மூன்று செ.மீ. உள்ளே போவதற்குள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும், அதற்கு உள்ளே சூடு தானாகப் பரவ வேண்டும். ஆகவே குழம்பைப் பாதியில் எடுத்துக் கிளறுங்கள், சோற்றை நடுவில் பள்ளம் செய்து ஓரமாகப் பரப்புங்கள், நின்ற பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் மூடி வையுங்கள். மிச்சச் சாப்பாடு நடுவிலும் 74 டிகிரியைத் தொட வேண்டும், அதாவது எந்தப் பக்கம் கரண்டி விட்டாலும் ஆவி பறக்க வேண்டும்.

இன்னொன்று. ராத்திரி மேடையிலேயே கிடந்த சோற்றை மைக்ரோவேவ் காப்பாற்றாது. வெந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும், வெளியே வைத்தால் பெருகும். வாந்தி எடுக்க வைக்கும் அதன் நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைத்தான் மறுநாள் சூடாக்க வேண்டும்.

பாத்திரத்துக்கு வருவோம். நம் சமையலறையில் பாதிக்கு மேல் எவர்சில்வர். அது எதுவும் மைக்ரோவேவ் மோடில் உள்ளே போகக் கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், கூர்மையான ஓரத்தில் பொறி பறக்கும். டப்பாவுக்குள் இருக்கிற சாப்பாடும் சூடாகாது. கன்வெக்‌ஷன் மோடில் மட்டும் உலோகத் தட்டு வைக்கலாம், அது சூடான காற்றில் வேகவைக்கிற வேலை. குழப்பம் அங்கேதான். காலையில் கேக் செய்த அலுமினியத் தட்டை மதியம் மைக்ரோவேவ் மோடில் அப்படியே வைத்து ஓட்டியவர்கள் எனக்கு நல்ல வியாபாரம் தந்திருக்கிறார்கள். தங்கக் கோடு போட்ட கல்யாணப் பரிசுக் கோப்பைகளும் உலோகக் கணக்குதான். ஹோட்டல் பார்சலைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். வெள்ளிநிறத் தாள், ஸ்டேப்ளர் பின், சாஸ் பாக்கெட், ரப்பர் பேண்டு, நான்கும் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு. வாழை இலையால் தொந்தரவு இல்லை.

மெலமைன் தட்டு பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும், விலையும் குறைவு, நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை ஓவனில் வைக்கக் கூடாது. அதுவே சூடாகி விரிசல் விடும், சாப்பாட்டிலும் மெலமைன் கலக்கும். பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பி அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் என்று பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், சூடு தாங்கும். 1, 6 வேண்டாம். ஆனால் 5 என்று போட்டிருந்தாலும் நான் எண்ணெய் மிதக்கிற குழம்பை அதில் சூடாக்க மாட்டேன். எண்ணெய் 100 டிகிரியோடு நிற்காது, டப்பாவின் ஓரம் இளகிச் சொரசொரப்பாகிவிடும். ஓவனில் வைக்கத் தகுந்த இரண்டு மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை வாங்கிப் போட்டால் இந்த எண் பார்க்கிற வேலையே இல்லை. எதுவானாலும் மூடியை இறுக்காதீர்கள், ஆவி போக வழி இருக்கட்டும். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள்.

தீ பெரும்பாலும் காய்ந்த பொருளால் வருகிறது. அப்பளம் ஒன்றிரண்டைச் சுட்டெடுக்க அருமையான கருவி இது, எண்ணெயே வேண்டாம். ஆனால் நேரத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது. கறிவேப்பிலையைக் காயவைப்பதும் அப்படித்தான், ஈரம் போன பிறகு சட்டென்று கருகிப் பற்றும். உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்றுக் கிடைத்ததும் பெரிதாகும். சுவரில் சுவிட்சை அணையுங்கள், உள்ளேயே மூச்சு முட்டி அணைந்துவிடும். ஒன்றும் வைக்காமல் ஓட்டுவதும் கெடுதல். உறிஞ்ச ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைத் தின்னும்.

உள்சுவரில் அட்டை மாதிரி ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது அலை உள்ளே வரும் வழியை மூடியிருக்கிற மைக்கா ஷீட். பேக்கிங் அட்டை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் எண்ணெய் தெறித்துக் கருகினாலும் பொறி வரும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும், கருகிவிட்டால் மாற்றுவது சில்லறைச் செலவு. அதே சாக்கில் பின்பக்கக் காற்று ஓட்டைகளையும் பாருங்கள். ராத்திரியில் அந்தக் கதகதப்பைத் தேடிக் கரப்பான் குடியேறிவிடும், டிஸ்ப்ளே போர்டு போவதற்கு நம்மூரில் அது பெரிய காரணம். பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

800 வாட் என்று எழுதியிருப்பது சாப்பாட்டுக்குப் போகிற சக்தி, சுவரிலிருந்து இழுப்பது 1200 வாட்டைத் தாண்டும். கன்வெக்‌ஷன் மாடல் 2000 வாட் வரைகூடப் போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப் பவர் பிளக்கில் தனியாகச் செருகுங்கள். தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அக்காவின் ஓவன். கொண்டுவரும் முன் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நான்கு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். கீல் ஆடினாலோ, சல்லடை கிழிந்திருந்தாலோ, உள்ளே பெயின்ட் உரிந்து துரு ஓட்டை விழுந்திருந்தாலோ இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். இதெல்லாம் நன்றாக இருந்தால் 200 மி.லி. தண்ணீரை, மரக் குச்சியோடு, முழு சக்தியில் வையுங்கள். ஒன்றரை இரண்டு நிமிடத்தில் கொதி வர வேண்டும். மூன்று நிமிடம் கழித்தும் வெதுவெதுப்பாகவே இருந்தால் மேக்னட்ரான் தேய்ந்திருக்கலாம். மேக்னட்ரான் மாற்றுகிற பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஆரம்ப விலை மாடல் புதிதாகவே கிடைத்துவிடும், வாரண்டியோடு.