பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

என் கொள்ளுத்தாத்தா கும்பகோணத்தில் வக்கீல். 1920-களில் நண்பர்களுடன் சேர்ந்து சிறிய வங்கி ஒன்றும் நடத்தினார். முப்பதுகளின் இறுதியில் அது மூடப்பட்டது. வீட்டை விற்று எல்லோர் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அவர் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முப்பது பக்கங்களை இணைத்துள்ளேன். இதை நாவலாக்கலாமா, வரலாறாகவே எழுதலாமா? வங்கி மூடிய கதை வேண்டாம் என்கிறார் சித்தப்பா.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முப்பது பக்கங்களையும் படித்தேன். கோர்ட்டுக்குக் கிளம்புமுன் அவர் தலைப்பாகை கட்டிக்கொள்ளும் இடம் அருமை. உங்களுக்கு எழுத வருகிறது. நாவலா வரலாறா என்ற கவலை இப்போது வேண்டாம். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்கு மனம் பொறுக்காதது வேறு. அவரிடம் கடன் வாங்கிய ஒருவர் பெயர்கூட இந்த முப்பது பக்கங்களில் இல்லை. கார் இருக்கிறது, கல்யாணக் கச்சேரி இருக்கிறது, கடன்காரர்களுக்கு மட்டும் ‘ஏழை எளியவர்க்குக் கைகொடுத்தார்’ என்று ஒரே வரி. அம்மா, வங்கி நடத்தியவரின் வாழ்க்கையை இப்படியா எழுதுவது?

வக்கீல்கள் வங்கி தொடங்கியது அக்காலத்தில் புதுமையல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார். மங்களூரில் கனரா வங்கிக்கு வித்திட்ட அம்மெம்பால் சுப்பராவ் பையும் வக்கீல்தான். சிற்றூர் வக்கீலுக்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை. யார் நிலத்தில் என்ன வில்லங்கம், எந்தச் சொத்து பாகம் பிரியாதது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பணம் போடுபவர்கள் நம்பியது அந்த அறிவைத்தான். கடன் வாங்கியவர்கள் அஞ்சியதும் அதற்குத்தான்.

என் பாட்டியின் தகப்பனார் அப்படி அஞ்சியவர்களில் ஒருவர். அவருடைய அடமானப் பத்திரம் எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய தாள். மேலே ஜார்ஜ் மன்னரின் தலை, கீழே எழுதியவரின் கை ஓட்டம். கிழக்கே வாய்க்கால், தெற்கே பங்காளியின் நஞ்சை என நான்கெல்லை சொல்லி, கடைசியில் இடது பெருவிரல் ரேகை. மை அதிகமாகித் திட்டாகப் படிந்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கடன் கொடுத்தவர் ஒரு வக்கீல். பத்திரத்துக்கு வாசகம் சொன்னவரும் அவரே, தவணை தவறியதும் பிராது போட்டவரும் அவரே. டிக்ரி, அதாவது கடனை வசூலிக்கக் கோர்ட்டுத் தீர்ப்பு, பெற்றவர் தானே ஏலம் கேட்க வேண்டுமானால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியையும் வாங்கி, எங்கள் மூன்று மா நிலத்தை அவரே ஏலத்தில் எடுத்துக்கொண்டார். எல்லாம் சட்டப்படி நடந்தது. அந்த வக்கீலின் வீட்டிலும் இன்று யாரோ ஒரு கொள்ளுப்பேத்தி ‘ஏழைகளுக்குக் கைகொடுத்தார்’ என்று எழுதிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் அதனால்தான்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. முப்பதுகளில் நெல் விலை விழுந்து அசல்கூடத் திரும்பாமல் போனது. 1938-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி கொண்டுவந்த சட்டம், ஊர் ஊராக வக்கீல்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் போட்டது. என் பாட்டியின் வீட்டுக்கு அது காலம் கடந்து வந்தது. உங்கள் வங்கி அதே ஆண்டுகளில்தான் மூடப்பட்டிருக்கிறது. இதைத் தொடாமல் எப்படி எழுதுவீர்கள்?

வீட்டை விற்றுக் கொடுத்தார் என்பதையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். உண்மையாக இருந்தால் அதைவிடப் பெருமை வேறில்லை. அதனாலேயே ஆதாரம் தேட வேண்டும். பணம் போட்டவர்களுக்கு அன்று காப்பீடு கிடையாது, அது 1962-ல்தான் வந்தது. வீடு விற்ற கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்கு விற்றார் என்று பாருங்கள். வங்கி கம்பெனியாகப் பதிவானது என்றால், கலைப்பு அறிவிப்பை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசிதழ்களில் தேடுங்கள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே அவர் பெயரில் எழுதப்பட்ட அடமானங்களுக்கும் நகல் மனுப் போடுங்கள். நான்கைந்து கிடைத்தாலும் போதும். அந்தக் கிராமங்களுக்கு நேரில் போய், அந்தக் குடும்பங்களிடம் கேளுங்கள். சிலர் உங்களைத் திட்டுவார்கள், சிலர் காபி கொடுப்பார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்த முப்பது பக்கங்களை அதற்குப் பிறகு அனுப்புங்கள், உடனே படிக்கிறேன்.