24 வயசிலும் காலேஜ் பையன்தான்: கொலம்பஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாஸ்டர்ஸ் படிக்க இங்கே கொலம்பஸில் உள்ள ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு வந்திருக்கிறீர்கள், ரூம்மேட்டும் லேபில் இருப்பவர்களும் எந்நேரமும் ஃபுட்பால்தான் (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) பேசுகிறார்கள், ஊரில் பி.ஈ. முடித்து ஒரு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு வந்த உங்களுக்கே 23 ஆகிறது, ஆனால் டிவியில் ஆடுகிற காலேஜ் பையன்களில் சிலருக்கு 24, 25. இவர்கள் இன்னும் ஏன் காலேஜில் இருக்கிறார்கள், தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டியதுதானே, இதைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்க மாட்டார்கள். இந்த ஊரில் இதைக் கேட்டால் உங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்குவார்கள். அதற்கு முன்னால் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என்எஃப்எல் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை எடுப்பது டிராஃப்டில்தான், அதை நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஏலத்தில் பணம் வைத்திருப்பவன் தூக்கிக்கொண்டு போவான். இங்கே ஏலமே கிடையாது, 32 டீம்களும் வரிசையாக, போன சீசனில் மோசமாக ஆடிய டீம் முதலில் என்று, ஏழு சுற்றுகளில் ஆட்களை எடுத்துக்கொள்ளும், மொத்தம் 250 சொச்சம் பேர். எத்தனையாவது ஆளாகப் போகிறீர்கள் என்பதை வைத்தே முதல் நாலு வருஷச் சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடும், 2011 ஒப்பந்தத்திலிருந்து அப்படித்தான். முதல் சுற்றில் போனவனுக்குக் கவலை இல்லை. ஆறாம், ஏழாம் சுற்றில் போனவன் டீமில் நிற்பானா என்பதே ஆகஸ்ட் மாதம்தான் தெரியும்.

இதில் வயது எங்கே வருகிறது என்றால், பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் யாரும் டிராஃப்டுக்கு வரக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியை உடைக்கப் பார்த்தவர் இந்த ஊரில் ஆடியவர்தான். மாரிஸ் கிளாரெட், ஒஹாயோ ஸ்டேட்டின் ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்), முதல் வருஷத்திலேயே 2002 சீசனின் தேசியப் பட்டத்தில் பெரிய பங்கு வகித்தவர், அடுத்த சீசன் சஸ்பெண்ட் ஆனதும் என்எஃப்எல் மேல் கேஸ் போட்டார். 2004 பிப்ரவரியில் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார், மே மாதம் அப்பீலில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயோர், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாரே, அவரேதான். நான் வந்த புதிதில் ஊரெல்லாம் இந்தப் பேச்சுதான். அன்றைக்குப் பையன்கள் காலேஜை விட்டுச் சீக்கிரம் வெளியே போக கோர்ட்டுக்குப் போனார்கள். இன்றைக்கு இன்னும் ஒரு வருஷம் காலேஜில் இருக்க விடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள். இந்த இருபது வருஷத்தில் நடந்தது முழுக்க இதுதான்.

எவ்வளவு நாள் இருக்கலாம் என்ற கணக்கு காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கிற என்சிஏஏ அமைப்பின் கையில். ஐந்து வருஷத்துக்குள் நாலு சீசன் ஆடலாம். மிச்சமிருக்கிற அந்த ஒரு வருஷம்தான் ரெட்ஷர்ட், டீமோடு பயிற்சி எடுப்பான், ஜிம்மில் உடம்பைத் தேற்றுவான், மேட்ச் ஆடமாட்டான், அந்த வருஷம் கணக்கில் வராது. 2018 முதல் நாலு மேட்ச் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட்டாகவே வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அதற்கு மேல் 2020-ல் கொரோனா வந்தது. அந்த சீசனை யாருக்குமே கணக்கில் எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள், நாடு முழுக்க எல்லாருக்கும் ஒரு வருஷம் இலவசம். பெரிய காயம் பட்டால் தனியாக இன்னொரு வருஷம் கேட்டு வாங்கலாம். மயாமியில் ஆடிய கேம் மெக்கார்மிக் 2016-ல் காலேஜில் சேர்ந்து 2024-ல் ஒன்பதாவது சீசன் ஆடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாண்டர்பில்ட் காலேஜின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டியேகோ பவியா, முதலில் ஒரு ஜூனியர் காலேஜில், அதாவது இரண்டு வருஷக் காலேஜில், ஆடிய வருஷங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேஸ் போட்டு 2024 டிசம்பரில் தடையாணை வாங்கினார், 2025-ல் மறுபடி ஆடி சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாவதாக வந்தார்.

ஆனால் இதெல்லாம் இருக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். இருக்க வேண்டும் என்று தோன்ற வைத்தது காசு. 2021 ஜூலைக்கு முன் காலேஜ் ஆட்டக்காரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஒரு டாலர் சம்பாதித்தாலும் குற்றம், ஸ்காலர்ஷிப்போடு சரி. அதனால் கையில் கொஞ்சம் திறமை இருந்தால் மூன்றாம் வருஷமே கிளம்பினார்கள், வீட்டில் கஷ்டம் இருக்கிறவன் காத்திருப்பானா? அந்த ஜூலை முதல் விளம்பரம், ஸ்பான்சர் என்று பணம் வாங்கலாம் என்றானது. 2025 ஜூலை முதல் காலேஜே நேரடியாகக் கொடுக்கலாம், ஒரு காலேஜுக்கு முதல் வருஷம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, ஃபுட்பால் பெரிதாக உள்ள காலேஜ்களில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு. கூடவே காலேஜ் மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துவிட்டது, 2021 முதல் ஒரு வருஷம் ஆடாமல் காத்திருக்காமலேயே ஒரு தடவை காலேஜ் மாறலாம், 2024 முதல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். ஆக, நல்லா ஆடினால் அடுத்த காலேஜ் கூடக் கொடுத்துக் கூப்பிடும்.

இப்போது ஆறாம் சுற்றுக்காரன் நிலைமையில் நின்று யோசியுங்கள். என்எஃப்எல்லில் முதல் வருஷக் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 8,40,000 டாலர், அதுவும் 53 பேர் கொண்ட டீமில் நின்றால். நிற்காவிட்டால் பிராக்டிஸ் ஸ்குவாட் (டீமோடு பயிற்சி மட்டும் எடுக்கிறவர்கள்), வாரத்துக்கு 13,000 டாலர், எந்தச் செவ்வாய்க்கிழமையும் வீட்டுக்கு அனுப்பலாம். காலேஜில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கிறது, ஊரே கொண்டாடுகிறது, இன்னும் ஒரு வருஷம் நல்லா ஆடினால் இரண்டாம் சுற்றுக்கு ஏறலாம். அவன் ஏன் போவான்? 2021-ல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 100-ஐத் தாண்டினார்கள், 2024-ல் அது 60-க்கும் கீழே.

உங்கள் காலேஜிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் ரூம்மேட்டிடம் மரியாதை கூடும். மார்வின் ஹாரிசன் ஜூனியரும் எமெகா எக்புகாவும் 2021-ல் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், இரண்டு பேரும் ரிசீவர், எறிகிற பந்தைப் பிடிப்பவர்கள். 2023 சீசன் முடிந்ததும் ஹாரிசன் கிளம்பினார், 21 வயசில் நாலாவது ஆளாக அரிசோனா எடுத்தது. அவரை இருக்கச் சொல்லி எவ்வளவு கொடுத்தாலும் நஷ்டம்தான். எக்புகாவுக்கு அந்த சீசனில் கணுக்கால் ஆபரேஷன், அதனால் தங்கினார். அவரோடு ஜாக் சாயர், ஜேடி டுயிமோலோவ், டிரெவியான் ஹெண்டர்சன் என்று ஒரு பட்டாளமே தங்கியது. கான்சஸ் ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடிவிட்டு, கொரோனா தந்த ஐந்தாவது வருஷத்துக்காக வில் ஹோவர்ட் இங்கே குவார்ட்டர்பேக்காக வந்தார். அந்த டீமுக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர் என்று காலேஜின் விளையாட்டு இயக்குநரே சொன்னார். மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்றார்கள் (இதை மட்டும் ரூம்மேட்டிடம் எடுக்காதீர்கள்), பிறகு எழுந்து 2025 ஜனவரியில் தேசியப் பட்டத்தை வாங்கினார்கள். எக்புகா அந்த ஏப்ரலில் 19-வது ஆளாகப் போனார். ஹோவர்ட் 23 வயசில் ஆறாம் சுற்று.

அந்தப் பட்டத்துக்கு முந்தின மேட்சில், டெக்சஸோடு நடந்த அரையிறுதியில், சாயர் எதிரணி குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அந்த யூவர்ஸ் 2021-ல் இதே ஒஹாயோ ஸ்டேட்டில் சாயரின் ரூம்மேட், விளம்பரப் பணத்துக்காகப் பள்ளியின் கடைசி வருஷத்தையே விட்டுவிட்டு வந்த பையன். அந்த மேட்ச் முடிந்து, வேறு காலேஜ்கள் பெரிய தொகை தரத் தயார் என்று செய்தி வந்தும், டிராஃப்டுக்குப் போனார். ஏழாம் சுற்றில் 231-வது ஆள். அன்று முதல் ‘போகலாமா இருக்கலாமா’ என்று யோசிக்கிற பையன்களுக்கு அவர் கதையைத்தான் சொல்கிறார்கள்.

டீம்கள் வயதைப் பார்க்காமல் இல்லை. 21-ல் எடுத்தால் முதல் ஒப்பந்தம் முடியும்போது 25, பெரிய பணம் வருகிற இரண்டாவது ஒப்பந்தத்துக்கு நல்ல வயசு. 24-ல் எடுத்தால் 28. ரன்னிங் பேக்குக்கு 28 என்றால் முட்டி தேய்கிற வயசு, அங்கே தயங்குவார்கள். குவார்ட்டர்பேக்குக்கு அது பிரச்சனையே இல்லை. 2024-ல் குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் காலேஜில் 61 மேட்சில் முதல் ஆளாக இறங்கிய அனுபவத்தோடு 24 வயசில் 12-வது ஆளாகப் போய் முதல் வருஷமே டென்வரை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ரெடிமேடாக வருகிறவனை எடுப்பதில் கோச்சுகளுக்கு ஒரு நிம்மதி, தோற்றால் வேலை போவது அவர்களுக்குத்தானே.

எனக்கு இதில் வருத்தமெல்லாம் பள்ளியிலிருந்து வருகிற 18 வயசுப் பையனுக்காகத்தான். அவன் இடத்தில் போர்ட்டலிலிருந்து 23 வயசு ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறான், கோச் அவனையா வளர்ப்பார்? கொரோனா வருஷத்துக்காரர்கள் 2025 சீசனோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டார்கள், அதனால் சராசரி வயசு கொஞ்சம் இறங்கலாம். ஆனால் காசும் கோர்ட்டும் இருக்கிறவரை பழையபடி 21-ல் எல்லாரும் கிளம்புவார்கள் என்று நான் நம்பவில்லை.

அப்புறம், குவார்ட்டர்பேக் கார் விளம்பரத்தில் வரலாம், நான் வெளியே சின்ன வேலை பார்க்கக் கூடாதா என்று கடைசியில் கேட்டீர்களே, கூடாது. உங்களுடையது எஃப்-1 விசா, செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். பன்ட் அடிக்க, அதாவது பந்தைக் காலால் தூரமாக உதைக்க, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற பையன்களுக்கும் இதே விசா சிக்கல்தான், டீம்மேட் எல்லாம் விளம்பரப் பணம் வாங்கும்போது அவர்கள் வக்கீலைக் கேட்டுக் கேட்டுத்தான் அடி எடுத்து வைக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும், ஊபர் ஈட்ஸ் ஓட்டுகிறேன், கடையில் நிற்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் முதலில் காலேஜின் இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்கள், பதில் வந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம்.