ஃபோர்ஸ் மஜூர்: நூல் விலை ஏறினால் கைகொடுக்குமா?

வணக்கம்.

திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். மும்பை நிறுவனம் ஒன்றோடு போட்ட ஒப்பந்தத்தில் ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்று, நம் கைமீறிய தடை வந்தால் விலக்குத் தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. ‘கடவுள் செயல்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா? ஆர்டர் எடுத்த பிறகு நூல் விலை எகிறிவிட்டது. இந்தப் பிரிவைக் காட்டி விலகிக்கொள்ளலாமா?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

விலை ஏற்றத்தையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சேர்த்திருந்தால் ஒழிய, முடியாது.

‘கடவுள் செயல்’ வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சீற்றங்களோடு நின்றுவிடும். ஃபோர்ஸ் மஜூரில் போர், வேலைநிறுத்தம், அரசின் தடையுத்தரவு எல்லாம் அடங்கலாம். ‘லாம்’தான்; ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரான்சில் 1804ஆம் ஆண்டு சிவில் சட்டத்திலேயே இது இருந்ததால், ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அங்கே செல்லும். ஆங்கிலேயச் சட்ட மரபில் எழுதியது மட்டும்தான் செல்லும். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தச் சட்டத்தின் பிரிவு 32 பொருந்தும். எழுதாமலே வேலை நடக்க முடியாமல் போனால் பிரிவு 56 பொருந்தும்.

உங்கள் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. இந்தோனேசியா சட்டத்தை மாற்றியதால் நிலக்கரி விலை ஏறியது. அதானி பவர் உள்ளிட்ட மின் நிறுவனங்கள் ஃபோர்ஸ் மஜூர் கேட்டன. வேலை கட்டுப்படியாகாமல் போவது வேறு, செய்யவே முடியாமல் போவது வேறு என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. அத்தனை பெரிய நிறுவனங்களுக்கே கிடைக்காதது நூல் விலைக்குக் கிடைக்காது.

உண்மையிலேயே சாயப்பட்டறையை அரசு மூடச் சொல்கிறது என்று வையுங்கள். ஃபோர்ஸ் மஜூர் பிரிவின் பட்டியலில் ‘அரசு உத்தரவு’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எதிர்த்தரப்புக்கு அறிவிக்கக் கொடுத்திருக்கும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபோனில் சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு உத்தரவின் நகலோடு எழுத்தில் அனுப்புங்கள். வேறு பட்டறையில் சாயமேற்ற முயன்றதற்கும் கடிதம், மின்னஞ்சல் ஏதாவது கையில் இருக்கட்டும். டெலிவரி தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால், பிறகு வந்த தடையைக் காட்டிப் பழைய தாமதத்தை நியாயப்படுத்த முடியாது.

இப்போதைக்கு அவர்களிடம் விலை பேசிப் பார்ப்பதுதான் வழி. அடுத்த ஒப்பந்தத்தில், நூல் விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் விலையைத் திருத்தலாம் என்று தனிப் பிரிவே போட்டுவிடுங்கள். எந்தத் தேதி விலையை அடிப்படையாகக் கொள்வது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.