கேள்வி பதில்: ஐசியு டயலிசிஸில் பில்டரில் இரத்தம் ஏன் உறைந்து கட்டுகிறது?

மட்டக்களப்பில் ஐசியு தாதியாக வேலை செய்கிறேன். 24 மணித்தியாலமும் ஓடும் டயலிசிஸ் பற்றி மட்டும் கேளுங்கள்.

கல்முனை, தாதி: அக்கா, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் போயும் ஆறு மணித்தியாலத்தில் பில்டர் கட்டிவிட்டது. டோஸைக் கூட்டலாமா?

முதலில் கதீட்டரை, அதாவது இரத்தம் மெசினுக்குப் போய்வரும் குழாயைப் பாருங்கள் தங்கச்சி. தொடையில் போட்டிருந்தால், கால் மடங்கியதும் அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும். நின்ற இரத்தம்தான் கட்டும். ஒரு இரவு நானே அலாரத்தை மூன்று தரம் அமர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வந்து பார்த்தால் பில்டருக்குள் கறுப்புக் கோடுகள். செட்டுக்குள் இருந்த 150, 200 மில்லிலீட்டர் இரத்தமும் குப்பைக்கு. வலப்பக்கக் கழுத்து கிடைத்தால் அதுதான் நல்ல இடம். பிளாஸ்மாவில் கால்வாசிக்கு மேல் பிழிந்தெடுத்தால் பில்டரில் மிஞ்சுவது கூழ். அதனால் பிழிந்ததற்குப் பதிலாக விடும் மாற்றுத் திரவத்தில் ஒரு பங்கைப் பில்டருக்கு முன்னாலேயே விடச் சொல்லிக் கேளுங்கள்.

வாழைச்சேனை: ஹெப்பரினுக்குப் பதிலாக விடும் சிட்ரேட் தேசிக்காயில் இருப்பதுதானே? தேசிக்காய்த் தண்ணி கொடுத்தால்?

குடிப்பது உடம்பிலேயே எரிந்துவிடும். நாங்கள் மெசின் குழாய்க்குள் விடுகிறோம். அது அங்கே கால்சியத்தைப் பிடித்துவைக்கும், கால்சியம் இல்லாமல் இரத்தம் உறையாது. பில்டருக்குப் பின் அயன் கால்சியம், அதாவது எதிலும் பிடிபடாத கால்சியம், லீட்டருக்கு 0.25 முதல் 0.35 மில்லிமோல் வரை இருக்கப் பார்ப்போம். உடம்புக்கு வேண்டியதைத் தனி லைனில் திருப்பிக் கொடுப்போம்.

சம்மாந்துறை: வாப்பா ஐசியுவில். ஹெப்பரின் பன்றியில் இருந்து வருவதா?

ஆம், பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்வில் இருந்து.

காத்தான்குடி: வேறு வழியில்லாவிட்டால் ஆகும்.

சம்மாந்துறை: சிட்ரேட் என்ற வழி இருக்கிறதே?

மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம் கேளுங்கள், வழி இருக்கிறதா என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். தடை எதுவும் இல்லாவிட்டால் சிட்ரேட்தான் முதலில் என்று 2012 கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி சொல்கிறது. 2020இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில் பில்டர் சிட்ரேட்டில் 47 மணித்தியாலம் நின்றது, ஹெப்பரினில் 26. இரத்தக்கசிவும் குறைவு, ஆனால் தொற்று கூடியது. ஈரல் செயலிழந்தவருக்கும் இரத்த ஓட்டம் விழுந்து கடும் ஷொக்கில் இருப்பவருக்கும் சிட்ரேட் உடம்பில் தேங்கலாம். மொத்தக் கால்சியம் அயன் கால்சியத்தைப் போல 2.5 மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டும் சரிவராவிட்டால் மருந்தே இல்லாமலும் ஓட்டலாம். கூச்சப்படாமல் டொக்டரிடம் கேளுங்கள்.

வெல்லாவெளி: வயலில் எலிக்காய்ச்சல் பிடித்தவர், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட் 30,000தான். இவருக்கும் ஹெப்பரினா?

இப்படியானவருக்குப் பெரும்பாலும் எதுவும் கொடுக்காமலே ஓட்டுவார்கள். அப்போது கதீட்டரும் நிற்காத பம்பும்தான் மருந்து.

ஏறாவூர்: கால்சியம் குறைந்தால் எருமைத் தயிர்?

தயிர் வீட்டில் இருக்கட்டும்.

அக்கரைப்பற்று: தேசிக்காய்ச் சாறு உப்புப் போட்டு?

மேலே வாசியுங்கள்.

கல்முனை, தாதி: அக்கா, கால் நேராகத்தான் இருக்கிறது, மடிப்பில்லை. இன்று மட்டும் மூன்றாவது பில்டர்.

ஹெப்பரின் எத்தனையாவது நாள்? பிளேட்லட்?

கல்முனை, தாதி: ஏழாம் நாள். இரண்டு இலட்சம் இருந்தது, இன்று எழுபதாயிரம்.

அப்படியென்றால் கதீட்டரை விடுங்கள். பிளேட்லட்டை ஹெப்பரினே குறைக்கிறதோ என்று சந்தேகம். அப்படியானால் பிளேட்லட் குறைந்தும் இரத்தம் கசியாது, கட்டும். இப்போதே டொக்டருக்குப் போன் எடுங்கள். கதீட்டர் வாயில் விடும் ஹெப்பரினையும் மறக்காமல் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நாளை பதில்.