கப்பல்ல அடிபட்டா கிளெய்ம் எப்படி?

கேள்வி: வீட்டுக்காரர் சரக்கு கப்பல்ல ஆயிலர், அதாவது இன்ஜினுக்கு எண்ணெய் போடற வேலை. இன்ஜின் ரூம் ஏணியில வழுக்கி விழுந்து முதுகுல அடி, பாதியிலேயே சைன் ஆஃப் பண்ணி அனுப்பிட்டாங்க. இப்ப ஏஜென்ட் ஒரு தொகையை சொல்லி, இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதின பேப்பர்ல கையெழுத்து கேக்கறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு போடாதீங்கம்மா. டாக்டர் இன்னும் ஊனம் எவ்வளவுன்னு சதவீதம் போட்டு எழுதித் தரல, அதுக்குள்ள கணக்கு முடிக்க ஏன் இவ்வளவு அவசரம்னு ஏஜென்ட்டையே கேளுங்க. கடல்சார் தொழிலாளர் மாநாடு 2006ன்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதை ஏத்துக்கிட்ட நாட்டோட கொடியில ஓடற (அந்த நாட்டுல பதிவான) கப்பல்னா, காண்ட்ராக்ட்ல போட்ட இழப்பீட்டை முழுசா, தாமதம் இல்லாம கொடுக்கணும், கம்மியா வாங்கிக்கோன்னு நெருக்கவே கூடாது, நிரந்தர ஊனம் எவ்வளவுன்னு முடிவு பண்ண நாளாகும்னா குடும்பம் கஷ்டப்படாம இருக்க இடைக்காலப் பணம் தரணும்னு அதுலயே இருக்கு. சிகிச்சை செலவும் சம்பளமும் தனிக் கணக்கு. இந்த ரெண்டையும் எவ்வளவு நாள் தரணும்னு நாடுகள் ஒரு கால வரம்பு வச்சுக்கலாம், ஆனா அடிபட்ட நாள்லேர்ந்து 16 வாரத்துக்கு கீழ போகக்கூடாது.

இனி பேப்பர் வேலை. விழுந்த அன்னிக்கு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினாங்களா, லாக்புக்ல (கப்பலோட தினசரி பதிவேடு) ஏறிச்சா, துறைமுகத்துல பார்த்த டாக்டர் என்ன எழுதினார், எல்லாத்துக்கும் காப்பி கேட்டு மெயில் போடுங்க, போன்ல கேட்டா நாளைக்கு ‘நீங்க கேக்கவே இல்லையே’ம்பாங்க. கூட வேலை பார்த்தவங்க அடுத்தடுத்த கப்பலுக்கு போயிடுவாங்க, அதனால பார்த்த ஒருத்தர்கிட்டயாவது ரெண்டு வரி எழுதி வாங்கிடுங்க. ‘ஏணிப் படியில எண்ணெய் இருந்துச்சு’ங்கற ஒரு வரி ரிப்போர்ட்ல இருக்கா இல்லையாங்கறது பின்னாடி ரொம்ப பெரிய விஷயம் ஆகும், ஏன்னா காண்ட்ராக்ட் தொகைக்கு மேல கம்பெனியோட கவனக்குறைவுன்னு கேஸ் போடணும்னா அதுதான் ஆதாரம்.

காண்ட்ராக்ட்ல கெடு ஏதாவது இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. பிலிப்பைன்ஸ் மாலுமிகளோட ஸ்டாண்டர்ட் காண்ட்ராக்ட்ல, ஊர் திரும்பி 3 வேலை நாளுக்குள்ள கம்பெனி டாக்டர்கிட்ட போய் காட்டணும், போக முடியாத நிலைமைன்னா எழுத்துல தெரிவிக்கணும், சரியான காரணம் இல்லாம விட்டா கிளெய்மே போச்சு. உங்க வீட்டுக்காரர் காண்ட்ராக்ட் வேறயா இருக்கலாம், ஆனா கம்பெனி டாக்டர் கூப்பிட்ட தேதிய மட்டும் தவற விடாதீங்க.

கேள்வி: ஏஜென்ட் கையை விரிச்சா யார்கிட்ட போறது?

பதில்: கப்பல்ல எல்லாருக்கும் தெரியற இடத்துல இன்சூரன்ஸ் சர்டிபிகேட் ஒட்டியிருப்பாங்க, அந்த ஒப்பந்தப்படி 2017 ஜனவரி 18லேர்ந்து இது கட்டாயம். பெரும்பாலும் அது பி அண்ட் ஐ கிளப் (கப்பல் முதலாளிங்க சேர்ந்து நடத்தற இன்சூரன்ஸ் சங்கம்) பேர்ல இருக்கும். கப்பல்ல இருக்கறவங்ககிட்ட அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. அவரோ, குடும்பமோ, பிரதிநிதியோ நேரா அங்கேயே கிளெய்ம் போடலாம்.

கேள்வி: சேரும்போது எடுத்த மெடிக்கல்ல பிபி மாத்திரை சாப்பிடறதை சொல்லல. கிளெய்ம் போயிடுமா?

பதில்: வேணும்னே மறைச்ச நோய்க்கு முதலாளி பொறுப்பில்லைன்னு சட்டம் எழுத இடம் இருக்கு, அதனால பிபியால வந்த பிரச்சனைக்கு கேட்டா சிக்கல்தான். உதாரணத்துக்கு, கயிறு அறுந்து கை உடைஞ்சா அது வேற, அதுக்கும் பிபிக்கும் சம்பந்தம் இருக்குன்னு கம்பெனி சொன்னா எப்படின்னு எழுத்துல கேளுங்க. அடுத்த மெடிக்கல்ல மாத்திரை பேரோட சொல்லிடுங்க, கட்டுப்பாட்டுல இருக்கற பிபியோட எத்தனையோ பேர் கப்பல்ல ஓடிக்கிட்டுதான் இருக்காங்க.